முதலில் எங்கே நொந்தது

கணினித் திரை கறுத்துப் போனால் நான் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன். அதைத் திருத்த வருகிற அக்கா அப்படியில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆசுபத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பதுபோல அந்தக் கறுப்புக்கு முன்னால் இருந்துவிடுவார்.

"செத்துப் போகேல்லைத் தம்பி. உள்ளுக்கு முழிச்சுக்கொண்டுதான் இருக்கு. முகத்தைத்தான் காட்டுதில்லை. கதைக்க வேறை வழி பாப்பம்."

மூன்று விசைகளை ஒன்றாக அழுத்துவார். கறுப்புக்குள் நாலு வரி வெள்ளை எழுத்து வரும். படமில்லை, சுட்டியில்லை, எழுத்து மட்டும். அதைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். பிறகு வாசிக்கத் தொடங்குவார். தொடங்கினால் முடிக்காமல் எழும்ப மாட்டார்.

அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாது. இயந்திரம் சொல்வதைக்கூட முடியும்வரை கேட்ட மனுசி, ஒருநாள் என்னிடம் ஒன்று கேட்க வந்தார். நான் பாதியிலேயே மறித்துவிட்டேன். அந்தப் பாரம் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாங்குளம் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, பாஸ்போட் படம், விண்ணப்பம் நிரப்புதல், கலியாணக் காட். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் உறவுகளுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் செய்து கொடுப்பேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். ஆனாலும் முருகன் புண்ணியத்தில் கை எழுத்தில் பிழை வராது. காலையில் கடை திறந்ததும் விளக்கேற்றி, சாமிப் படத்துக்கும் கணினிப் பெட்டிக்கும் விபூதி சாத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பென்ட்ரைவுகளில் இல்லாத வைரஸ் இல்லை. மாதத்துக்கு ஒருக்கால் கணினி படுத்துவிடும். கிளிநொச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, அந்த நிலையம் மூடின பிறகு முல்லைத்தீவு வீதிப் பக்கம் தனியாக இருக்கிறார், கேட்டால் வருவார் என்று சொன்னார்கள். சைக்கிளில் வந்தார். அப்போது ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் வட்டமான குங்குமப் பொட்டு. கரியரில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு திருப்புளி, ஒரு கொப்பி, மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி.

அவர்தான் என் கணினிக்கு லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டவர். வைரஸ் தொல்லை அன்றோடு நின்றது. ஆனால் கல்வெட்டு அட்டைக்குப் படங்களை வெட்டி ஒட்டும்போது கணினி திணறியது. நான் வவுனியாவில் யாரோ பாவித்த, படங்களைத் திரைக்குக் கொண்டுவருகிற ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கி வந்து பூட்டினேன். அதற்கு டிரைவர் வேண்டும் என்றார் அக்கா.

"டிரைவர் எண்டா என்னக்கா?"

"தமிழ் தெரியாத டொக்டரிட்டைப் போறம். எங்களுக்கு அவற்றை பாசை தெரியாது. நடுவிலை ஒரு நேர்ஸ் மிஸ்சி நிண்டு, இஞ்சை நோகுது அங்கை நோகுதெண்டு மாத்திச் சொல்லுவா எல்லோ. அந்த மிஸ்சிதான் டிரைவர். அவா பிழையாச் சொன்னா டொக்டர் என்ன செய்யிறது?"

எனக்கு விளங்கியது. விளங்கிய அளவுக்குப் பொறுமை வரவில்லை.

ஒருநாள் இணையத்தில் ஒரு காணொளி பார்த்தேன். ஆகப் புதிய டிரைவர் போட்டால் கார்ட் இரண்டு மடங்கு வேகம் என்று ஒருவர் சொன்னார். போட்டேன். கணினியை மூடி எழுப்பினேன். கறுப்பு. அன்றைக்கென்று, தாயின் கல்வெட்டுக்கு வந்து ஒரு அண்ணை கடையில் நிற்கிறார். ஒட்டுசுட்டானில் உழவு மெசின் வைத்திருக்கிறவர், வாய் சும்மா இராது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். வந்தார், இருந்தார், வெள்ளை எழுத்தைக் கொண்டுவந்தார், வாசிக்கத் தொடங்கினார்.

அவர் வாசிப்பதே ஒரு விதம். திரையில் விரல் படாமல், வரிக்குக் கீழே விரலை ஓட்டி, ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இழுத்து வாசிப்பார். பிறகு நின்று தமிழில் சொல்லுவார். எங்கள் கோயிலில் புராணபடனத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வதுபோல. இங்கே இரண்டும் அவரே.

கல்வெட்டுக்கார அண்ணை பொறுத்துப் பார்த்தார். பிறகு வெளியே நின்றவர்களுக்குக் கேட்கக் கூப்பிட்டார். "இஞ்சை வாங்கோடாப்பா, கொம்பியூட்டருக்குப் புராணபடனம் நடக்குது!"

"ஓம் அண்ணை. நீங்களும் இருந்து கேளுங்கோ, புண்ணியம்" என்றார் அக்கா, திரும்பாமலே.

திரையின் கீழே சிவப்பாக ஏழெட்டு வரி. நான் கடைசி வரியைக் காட்டினேன். "அக்கா, பிழை உதிலை இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதலிலையிருந்து போடுவமே? அண்ணை காத்துக்கொண்டு நிக்கிறார்."

"பொறுங்கோ. கடைசி வரி சும்மா கத்துறது. முதல் எங்கை நொந்ததெண்டு பாக்கோணும். மிச்சம் எல்லாம் அந்த நோவிலை வாற சத்தம்." மேலே மேலே போனார். ஒரு வரியில் நின்றார். வாசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"பாருங்கோ தம்பி, அது ஒண்டையும் ஒளிக்கேல்லை. வடிவாச் சொல்லிக்கிடக்கு. இந்தக் கார்ட்டை எனக்குத் தெரியும். இது பழசு. இதைப் பாக்க வேறை ஆள் இருக்கு. நான் இதைக் கண்டும் காணாமல் விடுறன், எண்டு."

"உது எங்கடை அரசாங்கக் கந்தோர் ஐயாமார் சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார் அண்ணை. கடை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். புதிய டிரைவரைக் கழற்றி, பழைய கார்ட்டுக்கு உரிய பழைய டிரைவரைப் போட்டார். படம் வந்தது. அந்த அண்ணையின் தாய் திரையில் பெரிதாக, தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணையின் வாய் அத்தோடு அடங்கியது.

இந்தப் பொறுமை எல்லாருக்கும் பிடித்தது என்றில்லை. "ரவுணிலை திருத்துற பெடியன் எண்டா ஒரு மணித்தியாலத்திலை எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுத் தருவான், உவா அரைநாள் வாசிப்பா" என்று சொல்லி வேறு இடம் போனவர்கள் உண்டு. அக்கா கவலைப்படவில்லை. "அவசரமெண்டா போகட்டும். அழிச்சா வேலை செய்யும்தான். ஆனா அது என்ன சொல்ல வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும்." இதைச் சொல்லும்போது யாரையும் பாராமல் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். என்ன பிழை, எந்த வரி, என்ன செய்தோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம்.

என்னுடைய பக்கத்தில் ஒரு வெட்கக்கேடும் எழுதியிருக்கும். ஒரு ஆயுதபூசைக்கு நான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கத்தரிக்கோல், கத்தி, பிரின்டர் எல்லாவற்றுக்கும் வைத்தது போல அந்தக் கார்ட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். பக்தி மிஞ்சிவிட்டது, குழைத்தது கொஞ்சம் தண்ணிப் பதம். விஜயதசமி முடிந்து கடை திறந்தால் திரையில் ஒன்றுமில்லை. வயரைக் கார்ட்டிலிருந்து கழற்றிப் பெட்டியில் நேரே செருகினால் எழுத்தெல்லாம் தேங்காய் அளவு, படம் இழுபடுகிறது. நான் டிரைவரில் பிழை என்று அடித்துச் சொன்னேன். அக்கா வாசித்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தார்.

"தம்பி, டிரைவர் பாவம். அது கார்ட்டைத் தேடுது. கார்ட் இருக்கிறதா ஒரு வரியும் சொல்லேல்லை."

பெட்டியைத் திறந்து கார்ட்டை உருவினார். அதன் விளிம்பில் இருந்த பொன்னிறப் பற்களில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பென்சில் எழுத்தை அழிக்கிற றப்பரால் பற்களைத் தேய்த்து எடுத்தார். எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "சாமிக்கு வையுங்கோ, உங்கடை நெத்தியிலை வையுங்கோ. இதுக்கு வேண்டாம். இது மூச்செடுக்கிற சாமான்." அவ்வளவுதான். வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் என் மனிசிக்குக்கூட நான்தான் பிறகு சொன்னேன்.

மத்தியானத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். கடைக்குப் பின்னால் வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி தன் பெட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைப்பார். "இருந்து சாப்பிடுங்கோவன் அக்கா" என்று மனிசி கேட்டாள். "ஒராளுக்குச் சமைச்ச சோத்தை இருந்து சாப்பிட்டா இறங்காது பிள்ளை. நிண்டா கெதியா முடிஞ்சிடும்" என்றார். பகிடி மாதிரித்தான் சொன்னார். மனிசிக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை.

அவருடைய கணவர் இறுதி யுத்தத்தின்போது காணாமல் போனவர். எங்கே, எப்படி என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஒன்றைக் கேட்டால் நம்முடையதையும் சொல்லவேண்டி வரும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பிள்ளையார் கோயிலில் அவரைக் காண்பேன். கோயில் பரிபாலன சபையில் நானும் ஒரு ஆள். அர்ச்சனைத் தட்டு நீட்டும்போது கணவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் அக்கா உரத்துச் சொல்லுவார். ஒருமுறை சனநெரிசலில் ஐயர் பெயரைப் பாதியில் விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். அக்கா அசையவில்லை.

"ஐயா, பேர் முடியேல்லை."

"எல்லாம் சொன்னாப்போலைதானம்மா. சாமிக்குத் தெரியும்."

"சாமிக்குத் தெரியும். எனக்குக் கேக்கேல்லை."

ஐயர் திரும்பி வந்து முழுப் பெயரையும் சொன்னார். பின்னால் நின்ற சிலர் முணுமுணுத்தார்கள். நானும் மனதுக்குள் நினைத்தேன், கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று.

அதற்குப் பிறகு ஒரு மாரி காலம். மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு பின்னேரம். கடையில் ஒரு குருவி இல்லை. கணினி நல்ல சுகம். நான் கூப்பிடவுமில்லை. அக்கா நனைந்துகொண்டு வந்து சைக்கிளைச் சாத்தினார். துணிப்பை இல்லாமல் வந்தார் என்பதைக்கூட நான் பிறகுதான் யோசித்தேன். இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் கோயில் விசயம் தெரிஞ்ச ஆள். உங்களிட்டை ஒண்டு கேக்கோணும் எண்டு கனநாளா யோசிச்சனான்."

"கேளுங்கோ அக்கா."

"எங்கடை அவற்றை பேரிலை நான் இவ்வளவு வருசமாய் அர்ச்சனை செய்யிறனான். வெள்ளிக்கு வெள்ளி. விட்டதில்லை. இப்ப கொஞ்ச நாளா, தட்டை நீட்டேக்கை..."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அழப்போகிறார் என்று பயம். அழுதால் நான் என்ன செய்வேன்? வாய் தன்பாட்டில் திறந்தது.

"விடாதேங்கோ அக்கா! ஒரு வெள்ளியும் விடாதேங்கோ. பிள்ளையார் கைவிடமாட்டார். கடவுள் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒருநாளைக்கு உங்கடை மனுசன் படலையடியிலை வந்து நிப்பார், பாருங்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை, வருத்தமுமில்லை. காணொளி பார்த்து டிரைவர் போட்டேன் என்று சொன்ன அன்றைக்கு எப்படிப் பார்த்தாரோ அப்படி. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார்.

"சரி தம்பி. மழை விட்டிட்டுது."

விடவில்லை. தூறிக்கொண்டுதான் இருந்தது. அவர் போனபிறகு எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு தனித்த சீவனுக்கு ஆறுதல் சொன்னேன் என்று அன்று விளக்கு வைக்கும்போது பிள்ளையாருக்கு நன்றியும் சொன்னேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்துக்கொண்டு நின்ற மனிசியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அடுப்பில் இருந்த இடியப்பத் தட்டுகளை இறக்காமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அவா என்ன கேட்டவா?"

"அதுதான் சொன்னனே. அர்ச்சனையைப் பற்றி."

"அர்ச்சனையைப் பற்றி என்ன? செய்யட்டோ எண்டு கேக்க வந்தவாவோ, நிப்பாட்டட்டோ எண்டு கேக்க வந்தவாவோ?"

நான் தண்ணி வார்க்கச் செம்பை எடுத்தேன்.

"செய்யட்டோ எண்டு கேக்க ஆருக்கும் மழையுக்கை வரவேண்டிய தேவையில்லை" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "அதைத்தான் இவ்வளவு வருசமும் செய்யிறாவே."

அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்கு. போனவர்களுக்கு மோட்ச விளக்கு. இது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒன்றிலிருந்து மற்றதுக்கு எந்த வெள்ளிக்கிழமை மாறுவது, யார் சொல்லி மாறுவது, மாறினால் அது துரோகமா என்று அந்த மனுசி எத்தனை நாள் தனியே யோசித்திருப்பார். ஒருவேளை அதுவுமில்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம். தட்டை நீட்டும்போது என்ன நடந்தது என்று அவர் சொல்லத்தான் வந்தார். நான் முதல் வரியைக் கேட்டுவிட்டு மருந்தைக் கொடுத்துவிட்டேன். கடவுளுடைய பெயரைச் சொல்லி ஒரு வாயை அடைத்தேன். நான் செய்த பாவங்களில் இதை எந்த இடத்தில் வைப்பதென்று இன்னும் தெரியாது.

நாளைக்கே போய்க் கேட்போம் என்று நினைத்தேன். நாளைக்குக் கடை. அடுத்த நாள் மழை. பிறகு வெட்கம். இரண்டு வெள்ளி அவர் கோயிலில் இல்லை. கடைசியாக நான் போனபோது வீட்டுப் படலை கயிற்றால் கட்டியிருந்தது. பளையில் தமக்கையின் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று பக்கத்து வளவில் சொன்னார்கள்.

ஒன்றரை வருடம் சென்றுதான் பளைக்குப் போனேன். ஒரு கலியாண வீட்டுக்குப் போன சாக்கில். விசாரித்துக்கொண்டு தென்னங்காணிகளுக்குள்ளால் நடந்து போக, அக்கா எதிரே வந்தார். கையில் மரக்கறிப் பை. என்னைக் கண்டு, "என்ன தம்பி, வழி மாறி வந்திட்டியளோ?" என்று சிரித்தார். என்னுடைய பஸ்சுக்கு நேரமாகிறது என்று நான் சொல்ல, வீட்டுக்குக் கூட்டிப் போகாமல், என்னோடு வீதிவரைக்கும் திரும்பி நடந்தார்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒருவருமில்லை. இனியும் விட்டால் முடியாது என்று நான் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு மழைக்குள்ளை வந்து ஒண்டு கேக்க வெளிக்கிட்டியள். நான் குறுக்கை கதைச்சுப்போட்டன்."

"ஓ, அதோ." அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார். "அதை நான் இஞ்சத்தை ஐயரிட்டையும் கேட்டனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"அவரும் உங்களை மாதிரித்தான். நான் முடிக்க முந்தி, கடவுள் பாத்துக்கொள்ளுவார் எண்டவர்." சிரித்தார். உண்மையான சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இப்ப சொல்லுங்கோ அக்கா. நான் வாயே திறக்கமாட்டன். முழுக்கக் கேக்கிறன்."

அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு லொறி போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்தார்.

"இப்ப கேக்க ஒண்டுமில்லைத் தம்பி."

நெற்றியில் அதே குங்குமப் பொட்டு இருந்தது. அதை வைத்து ஒன்றையும் ஊகிக்கக்கூடாது என்கிற அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருந்தது.

"அதை விடுங்கோ. கடையிலை மெசின் எப்பிடி?" என்றார் அக்கா.

சொல்லத் தொடங்கினேன். போன மாதம் லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது, அடுத்த நாள் திரை கறுத்தது. அந்த மூன்று விசைகளையும் அழுத்தினேன், வெள்ளை எழுத்து வந்தது, மகளின் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வாசித்தேன். கீழே இருந்த சிவப்பு வரிகளை விட்டுவிட்டு மேலே போனேன். கேர்னல் என்கிற அடித்தளம் புதிதாக மாறியிருந்தது. அதற்கு ஏற்றபடி டிரைவரைத் திரும்பக் கட்டப் போயிருக்கிறது, கட்டுவதற்கு வேண்டிய ஒரு சாமான் இல்லாததால் பாதியில் நின்றிருக்கிறது. எழும்பும்போது பழைய கேர்னலைத் தெரிவுசெய்து உள்ளே போனேன், இல்லாத சாமானைப் போட்டேன், டிரைவரைக் கட்டினேன், படம் வந்தது. சொல்லும்போது எனக்குச் சொற்கள் தடுக்கின, முன்னுக்குப் பின் மாறின, ஒரே விசயத்தை இரண்டு தரம் சொன்னேன்.

இடையில் என்னுடைய பஸ் வந்தது. நடத்துனர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அக்கா அவரைப் பார்த்துப் போகச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அப்படியே கேட்டுக்கொண்டு நின்றார்.